கைக்கு விலை உண்டு. வாழ வழி உண்டா?

மக்காச்சோளம் அடிக்கும் மிஷினில் கை போன பெரம்பலூர் விவசாயத் தொழிலாளிக்கும், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கால் நசுங்கிய அரியலூர்த் தொழிலாளிக்கும் சர்க்கார் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: சர்டிபிகேட் வாங்கு, பென்ஷன் வாங்கு, வீட்டில் கிட!

வெள்ளைக்காரன் காலத்தில், 1923-இல் வந்த நஷ்ட ஈட்டுச் சட்டம் நம் அங்கங்களுக்கு விலைப்பட்டியல் போட ஆரம்பித்தது. பின்னர் திருத்திய பட்டியலில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம் நஷ்டம். ஒரு கை போனால் 60 சதவிகிதம். நஷ்ட ஈடு நம் உரிமை; அதில் ஒரு காசும் விடமாட்டோம். ஆனால் மிச்சமிருக்கும் கையைக் கொண்டு வாழக் கற்றுக்கொடுப்பது யார்?

அதற்கென்றே ஒரு வைத்தியம் உண்டு. ஆக்குபேஷனல் தெரபி, அதாவது செயல்முறைச் சிகிச்சை என்று பெயர். அன்றாடக் காரியங்களையே பயிற்சியாக்கும் முறை இது. பக்கவாதம் வந்தவர், விழுந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைத்தால் தாமே உடுத்தலாம். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால், பிடி தளர்ந்தவர் தாமே சாப்பிடலாம். கக்கூஸில் ஒரு கைப்பிடி, வாசற்படிக்குப் பதில் சரிவு, உட்கார்ந்து வேலை செய்ய ஏற்ற மேஜை: இவ்வளவும் சேர்ந்தால் பிறர் கையை எதிர்பாராமல் வாழலாம். மனைவியும் மகளும் கூலியை விட்டு வீட்டோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

இது ஆகாத காரியமா? பம்பாயில் 1950-லேயே இதற்குப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. வேலூரில் முடிந்தது செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் ஏன் முடியாது?

பணமில்லை என்பார்கள். 2016-ஆம் வருஷ ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே, பொருளாதார சக்திக்கு உட்பட்டுச் செய்தால் போதும் என்று அவர்களுக்குச் சந்து விட்டிருக்கிறது. அரியலூர் மண்ணை வெட்டி சிமெண்டாக்கிக் குவித்த லாபம் எங்கே போயிற்று? 2022-இல் உலக வங்கி இந்தச் சேவைக்காகத் தமிழ்நாட்டுக்கு 16.2 கோடி டாலர் கடன் மஞ்சூர் செய்தது. ‘விழுதுகள்’ மையங்கள் வந்தன. வரவேற்கிறோம். ஆனால் கடன் தீர்ந்தால் மையமும் தீர்ந்துவிடுமா?

நாம் தருமம் கேட்கவில்லை. இரண்டு ஜில்லாக்களிலும் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் செயல்முறைச் சிகிச்சையாளருக்கு நிரந்தர உத்தியோகம் வேண்டும். அவர் கிராமத்துக்கு வந்து வீட்டையும் வேலையையும் நேரில் பார்க்க வேண்டும். பயிற்சி நாளுக்குக் கூலி வேண்டும். வேலையிலிருக்கும்போது ஊனமுற்ற சர்க்கார் ஊழியரை நீக்கக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு. அந்தப் பாதுகாப்பு ஆலைக்கும் சுரங்கத்துக்கும் வயலுக்கும் வேண்டும்!

தோழர்களே! இன்று இரண்டு கையோடு வேலைக்குப் போகும் நாம், நாளை எப்படித் திரும்புவோம் என்பது மிஷினுக்குத்தான் வெளிச்சம். அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இக்கோரிக்கைகளை எழுப்புங்கள். வீட்டுக்குள் முடங்கிய தோழரையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். அவரே முதலில் பேசட்டும்!