கைப்பேசியை வாங்கி வைத்தவர்கள் தொலைபேசியைத் தர வேண்டும்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படைத்தளங்களை உலகெங்கும் இணைத்து நடத்திவரும் தனித் தொலைபேசி வலையமைப்பு, சுருக்கமாக டி.எஸ்.என். எனப்படுவது, அரசுப் பணிக்கு மட்டுமே உரியது என்ற விதி நியாயமானது; அதைத் தளர்த்த வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில் அயல்நாட்டுக் களத்தில் நிற்கும் படையினர் அந்த வலையமைப்பின் வழியே குடும்பத்தோடு பேசுவதை உரிமையாக வைக்காமல், தளபதி விரும்பினால் தரும் சலுகையாகவே அந்த விதி வைத்திருப்பதுதான் இன்றைய நிலைமைக்குச் சற்றும் பொருந்தாதது. சொந்தக் கைப்பேசியைக் களத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று ஆணையிடும் நிர்வாகம், அதே ஆணையிலேயே அரசுத் தொலைபேசியைத் திறந்துவிடும் கடமையையும் ஏற்க வேண்டும்.

இந்த வலையமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தால், கோரிக்கை எவ்வளவு சிறியது என்பது விளங்கும். டி.எஸ்.என்.னுக்கு முன்னோடியான ஆட்டோவான் 1963-இல் தொடங்கியது. அணுகுண்டு விழுந்த பின்னும் கட்டளைகள் போய்ச் சேர வேண்டும் என்ற பனிப்போர்க் கால அச்சத்தில் உருவான அதன் இணைப்பகங்கள் பலவும் பெருநகரங்களை விட்டு விலகி, உறுதியான கட்டடங்களில் அமைக்கப்பட்டன. அதன் தொலைபேசிக் கருவியில் வழக்கமான 12 பொத்தான்களுக்கு வலப்புறம் இன்னொரு வரிசையாக 4 சிவப்புப் பொத்தான்கள் இருந்தன. மேலிருந்து கீழாக ‘பிளாஷ் ஓவர்ரைடு’, ‘பிளாஷ்’, ‘உடனடி’, ‘முன்னுரிமை’ என்பவை அவற்றின் தகுதிகள். ‘சாதாரணம்’ என்ற ஐந்தாம் தகுதிக்குப் பொத்தானே கிடையாது, எதையும் அழுத்தாமல் எண்ணைச் சுழற்றினால் அது சாதாரண அழைப்பு. தடம் காலியாக இல்லாதபோது மேல்தகுதி அழைப்பு ஒன்று வந்தால், கீழ்த்தகுதியில் பேசிக்கொண்டிருப்பவர்களின் காதில் ஓர் எச்சரிக்கை ஒலி விழும். அடுத்த சில நொடிகளில் அவர்களுடைய இணைப்பு அறுந்து தடம் மேலவருக்குப் போய்விடும். தகுதிகளில் தலையாயதான பிளாஷ் ஓவர்ரைடைப் பயன்படுத்தும் அதிகாரம் குடியரசுத் தலைவர், பாதுகாப்புச் செயலர் போன்ற மிகச் சிலருக்கே உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஆட்டோவானின் இடத்தை டி.எஸ்.என். முழுதாக எடுத்துக்கொண்ட பிறகு சிவப்புப் பொத்தான்களின் வேலையை 90 முதல் 93 வரையிலான முன்னெண்கள் செய்கின்றன. அடிப்படை ஏற்பாடு மாறவில்லை.

ஆகவே, குடும்ப அழைப்புகளை அனுமதித்தால் அவசரச் செய்திகள் நெரிசலில் மாட்டிக்கொள்ளும் என்று சொல்லப்படும் தடையில் வலுவில்லை. குடும்ப அழைப்பு எப்போதும் ஐந்தாம் தகுதிதான். போர்ச்செய்தி வந்தால் அது தானாகவே அறுபடும். அறுபடுவதை எந்தப் படைவீரரும் குறை சொல்லப்போவதில்லை. யாருடைய பேச்சு முந்த வேண்டும் என்பதைக் கருவியே தீர்மானித்துவிடும் ஒரு வலையமைப்பில், பேசவே கூடாது என்று கதவை மூடிவைக்க வேண்டிய தேவை என்ன?

சட்டம் இந்தத் தேவையை அறியாததும் அல்ல. பாதுகாப்புத் துறை 1993-இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த நெறிமுறை ஒழுங்குவிதி, அரசுத் தொடர்புச் சாதனங்களை அலுவல் காரியங்களுக்கும் அனுமதிக்கப்பட்ட காரியங்களுக்கும் மட்டுமே பயன்படுத்தலாம் என்று வரையறுத்துவிட்டு, நெடுநாள் வெளியூர்ப் பணியில் இருப்பவர்கள் வீட்டோடு பேசுவதை, மன உறுதியையும் நலனையும் கருதிக் களத்தளபதி ஒப்புதல் அளித்தால், அலுவல் பயன்பாடாகவே கொள்ளலாம் என்றது. படையினர் இதை ‘மொரேல் கால்’ என்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் இது தயவுதாட்சண்யம் பற்றிய வாசகமே அல்ல; வீட்டாரின் குரலைக் கேட்ட வீரர் நன்றாகப் பணி செய்வார், அதனால் அந்தப் பேச்சும் பணியின் ஒரு பகுதியே என்ற தெளிவான ஒப்புதல். அத்தகைய ஒப்புதலைத் தந்த கையோடு, ‘தளபதி ஒப்புதல் அளித்தால்’ என்ற ஒரு நிபந்தனையால் அதைப் பாதி திரும்ப வாங்கிக்கொண்டதுதான் குறை.

அந்த நிபந்தனையின் விளைவு நடைமுறையில் தெரிகிறது. வாரத்துக்கு ஓர் அழைப்பா இரண்டா, 15 நிமிடமா அதற்கும் குறைவா, முன்கூட்டியே அனுமதி எண் பெற வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் தளத்துக்குத் தளம் வேறுபடுகின்றன. வளைகுடாப் பகுதித் தளம் ஒன்றிலிருந்து பேச விரும்பும் வீரர், அமெரிக்க நிலப்பரப்புக்கு உரிய 312 என்ற முன்னெண்ணைச் சுழற்றி, தன் ஊருக்கு அருகிலுள்ள படைத்தளத்தின் தொலைபேசி இயக்குநரைப் பிடித்து, வீட்டு எண்ணைச் சொல்லி இணைக்கும்படி கேட்பார். வீடு அந்தத் தளத்தின் உள்ளூர் எல்லைக்குள் இருந்தால் செலவில்லாமல் பேசலாம். எல்லைக்கு வெளியே இருந்தால் தொலைதூரக் கட்டணத்தை அட்டை மூலம் அவரே செலுத்த வேண்டும் என்பதுதான் பல தளங்களின் வழக்கம். ஒரே பதுங்குகுழியில் அருகருகே நிற்கும் இருவரில், படைத்தளம் உள்ள ஊரில் பிறந்தவருக்கு இலவசம், எங்கோ வயல்வெளிச் சிற்றூரில் பிறந்தவருக்குக் கட்டணம் என்ற இந்த வேறுபாட்டுக்கு எந்த நியாயமும் இல்லை.

கையில் திறன்பேசி இருக்கும் காலத்தில் இந்தப் பழைய தொலைபேசி யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கேள்விக்கு இடம் இருந்தது. ஸ்ட்ராவா என்னும் உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், ஓடிப் பயிற்சி செய்த வீரர்களின் தடங்கள் இருண்ட பாலைவனத்தின் நடுவே தளங்களின் வடிவத்தையே ஒளிக்கோடுகளாக வரைந்து காட்டியது 2018 ஜனவரியில் தெரியவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், களப்பகுதிகளில் இருப்பிடம் காட்டும் சாதன வசதிகளைப் பயன்படுத்தப் பாதுகாப்புத் துறை தடை விதித்தது. 2020 ஜனவரியில் 82-ஆம் வான்வழிப் படைப்பிரிவின் வீரர்கள் மத்தியக் கிழக்குக்கு அவசரமாக அனுப்பப்பட்டபோது, கைப்பேசியையும் மடிக்கணினியையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரும்படி அவர்களுக்குக் கட்டளை பிறந்தது. எதிரியின் ஏவுகணைக்குக் கைப்பேசியின் சமிக்ஞையே வழிகாட்டிவிடும் என்பதால் அந்தக் கட்டளைகள் சரியானவையே. ஆனால் சொந்தக் கருவி இல்லாத இடத்தில் மிஞ்சுவது சுவரில் உள்ள அரசுத் தொலைபேசி ஒன்றுதான். அதையும் ஒரு தளபதியின் விருப்பத்துக்கு விட்டுவைப்பது முறையல்ல.

இந்தத் தேவை புதிதும் அல்ல. வியட்நாம் போரின்போது, படைத்துறையின் துணை வானொலி அமைப்பான ‘மார்ஸ்’ மூலம், தன்னார்வ வானொலி ஆர்வலர்கள் களத்திலிருந்து வரும் குரலைத் தங்கள் கருவியில் வாங்கி உள்ளூர்த் தொலைபேசியோடு இணைத்துத் தந்தார்கள். அரிசோனாவில் செனட்டர் பாரி கோல்ட்வாட்டரின் வீட்டிலிருந்தும் அந்தப் பணி நடந்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்லிவிட்டு மனைவியோ தாயோ பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நடுவில் ஓர் அந்நியர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் மக்கள் பேசினார்கள். இந்தியாவிலும், எல்லையோரத் தொலைவிடங்களில் உள்ள படையினருக்கான செயற்கைக்கோள் தொலைபேசிக் கட்டணத்தை நிமிடத்துக்கு 5 ரூபாயிலிருந்து 1 ரூபாயாக 2017 அக்டோபரில் மத்திய அரசு குறைத்து, மாதக் கட்டணம் 500 ரூபாயையும் நீக்கியது. அது ஒரே அறிவிப்பில் முடிந்த காரியம்.

உரிமை என்றால் வரம்பில்லாத உரிமை என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. களத்தில் ஒருவர் உயிரிழந்தால், அவருடைய வீட்டுக் கதவை அதிகாரிகள் நேரில் சென்று தட்டும் வரை வெளித்தொடர்பை எல்லாம் நிறுத்திவைக்கும் ‘ரிவர் சிட்டி’ என்ற நடைமுறை அமெரிக்கப் படைகளில் இருக்கிறது. மகன் இறந்த செய்தி அண்டை வீட்டார் வழியே ஒரு தாயை எட்டக் கூடாது என்பதற்காகவே அது இருப்பதால், அதை முழுமையாக ஆதரிக்க வேண்டும். அந்தத் தடை நீங்கிய பிறகு, தனிக் கருவிகள் தடுக்கப்பட்ட ஒவ்வொரு பணியிடத்திலும் வாரத்துக்கு இரண்டு அழைப்புகள், அழைப்புக்கு 15 நிமிடம், வீடு எங்கிருந்தாலும் கட்டணமின்றி என்பதைப் பாதுகாப்புத் துறையே ஒரே விதியாக அறிவிக்க வேண்டும். நிறுத்திவைக்கும் தளபதி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

அந்த விதியில் இன்னொன்றும் இடம்பெற வேண்டும். படைத்தளத் தொலைபேசிகளில் ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும்: இரகசியங்களைப் பேசாதீர், இந்தத் தொலைபேசி எப்போதும் கண்காணிப்புக்கு உட்பட்டது, இதைப் பயன்படுத்துவதே அதற்கான சம்மதம் என்பது அதன் சாரம். ஒலிவாங்கியைக் கையில் எடுக்கும் வீரர் அதைப் படிக்கிறார். மறுமுனையில், சமையலறையில் நின்றபடி குழந்தையின் காய்ச்சலைப் பற்றியோ வீட்டுக் கடனைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருக்கும் மனைவியின் கண்ணில் அந்த ஒட்டுத்தாள் படுவதற்கு வழியே இல்லை. அழைப்பை இணைக்கும் இயக்குநர், ‘இந்தப் பேச்சு கண்காணிக்கப்படலாம்’ என்று அவருக்கும் கேட்கும்படி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இணைப்பைத் தர வேண்டும்.