எழுநூறு ஆயுசு

பைபிளில் இயேசுவை விட்டுவிட்டு, இறந்து உயிரோடு எழுந்தவர்கள் என்று தனித்தனியாகக் கதை சொல்லப்படுகிறவர்கள் எட்டே பேர். அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட, போன இடத்தில் என்ன பார்த்தேன் என்று சொல்வதில்லை. நாயீன் ஊர் விதவையின் மகன் பாடையில் எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினான் என்கிறார் லூக்கா. என்ன பேசினான்? அதை எழுதவில்லை. நாமாக இருந்தால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் மைக்கை நீட்டியிருப்போம்.

எழுதியவர்களின் கண்ணெல்லாம் வேறு எதிலோ இருந்திருக்கிறது. சூனேம் ஊர்ப் பையனைப் பாருங்கள். அறுப்பு வயலில் அப்பாவிடம் 'என் தலை, என் தலை' என்கிறான். அம்மா மடியிலேயே கிடந்து மத்தியானம் உயிர் போகிறது. பிள்ளையைத் தீர்க்கதரிசி எலிசாவின் கட்டிலில் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டு, கழுதையை ஓட்டச் சொல்லி, அவரைத் தேடிக் கர்மேல் மலைக்குப் போகிறாள் அந்தத் தாய். எலிசா வந்து பையன்மேல் குப்புறப் படுக்கிறார். உடம்பு சூடேறுகிறது, அவ்வளவுதான். எழுந்து அறைக்குள் இங்கும் அங்கும் நடக்கிறார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அந்த நடைதான், அவருக்கே உறுதியில்லை. மறுபடி படுக்கிறார். பையன் ஏழு தும்மல் தும்மிக் கண்ணைத் திறக்கிறான். தும்முகிற பிள்ளைக்கு நூறு, இருநூறு என்று ஆயுசைக் கூட்டிக்கொண்டே போகும் நம் வீட்டுப் பாட்டிகள் இருந்திருந்தால் எழுநூற்றில் நிறுத்தியிருப்பார்கள்.

யவீருவின் பன்னிரண்டு வயது மகள் எழுந்ததும் இயேசு சொன்னது, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பது. நாலு நாள் கல்லறையில் கிடந்த லாசருவைக் கட்டவிழ்த்து விடுங்கள் என்றார். அடுத்த அதிகாரத்திலேயே லாசரு விருந்துப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். அவனால் பலரும் இயேசுவை நம்புகிறார்கள் என்று பிரதான ஆசாரியர்கள் அவனையும் கொல்ல யோசிக்கிறார்கள். ஒருமுறை செத்தவனுக்கே கொலைமிரட்டல்! அதற்குமேல் அவன் என்ன ஆனான் என்று பைபிள் சொல்லவில்லை. சைப்ரஸ் தீவில் ஆயராக இருந்தான் என்பது கிழக்குத் திருச்சபை மரபு. லார்னகாவில் அவன் பெயரில் பழைய கோயிலும் இருக்கிறது. பாதாளத்தில் பார்த்ததை மறக்க முடியாமல் முப்பது வருடம் சிரிக்கவே இல்லை என்றும் கதை உண்டு. பைபிள் விட்ட இடத்தை நிரப்பப் பிறகு வந்தவர்கள் பட்ட பாடு அது.

கடைசி ஆள் துரோவா ஊர் ஐத்திகு. பவுல் மறுநாள் ஊருக்குப் புறப்பட வேண்டியவர், நடுராத்திரிவரை பேசுகிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த இந்த வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து சாகிறான். பவுல் இறங்கி வந்து அவனை அணைத்துக்கொண்டு, கலங்காதீர்கள், உயிர் இருக்கிறது என்கிறார். பிறகாவது கூட்டத்தை முடித்தாரா? மேலே ஏறிப்போய், அப்பம் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு, விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்.