கணையத்துக்குள்ளும் முறைத் தண்ணீர்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு ஒரு முறை, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கும் மோருக்கும் தனித்தனியாக என்று சோறு விழுந்துகொண்டே இருக்கும். அத்தனையையும் கரைப்பதில் எச்சிலுக்குப் பங்கு கொஞ்சம்தான். பெரும்பாடு படுவது இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் கணையம். தினமும் ஒரு லிட்டருக்கு மேல் செரிமான நீரை அது சுரக்கிறது.

இன்சுலினுக்காகத்தான் கணையத்தைப் பலருக்குத் தெரியும். ஆனால் அதன் பெரும்பகுதி நொதி தயாரிக்கும் செல்கள்தான். அந்தச் செல்லின் அடிப்பகுதியில் தயாரிப்புக்கூடம். மேல்முனையில், சிறு குழாயை ஒட்டி, நொதி நிரப்பிய நுண்பைகள். இந்தப் பாதையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன ஜார்ஜ் பலாடேவுக்கு 1974-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பைகளைத் திறக்கச் சொல்வது யார்? கால்சியம். செல்லுக்கு வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் செல்லின் உள்நீரில் மிதக்கிறது. சாப்பிட்டதும் செல்லுக்குள் இருக்கும் சேமிப்பிலிருந்து மேல்முனையில் மட்டும் கொஞ்சம் கால்சியம் விடப்படும்; உடனே நிற்கும்; மறுபடி விடப்படும். டெல்டா விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம், முறை வைத்துத் தண்ணீர் விடுவதேதான்! நுண்பைகளைச் சுற்றி மைட்டோகாண்ட்ரியாக்கள் கரை கட்டியதுபோல் நின்று, கால்சியம் அடிப்பகுதிக்குப் பரவாமல் தடுக்கின்றன. லிவர்பூலில் ஓலே பீட்டர்சன் குழுவினர் 1999-ல் இதைக் காட்டினார்கள்.

கரை உடைந்தால்தான் ஆபத்து. மதுவும் கொழுப்பும் சேர்ந்து செல்லுக்குள் ஒரு நச்சுப்பொருளாகின்றன. அது கால்சியத்தை விட்டுவிட்டு வரவிடாமல், ஒரேயடியாகத் திறந்துவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியா சோர்ந்து, சக்தி தீர்ந்து, வெள்ளத்தை இறைத்து வெளியேற்றும் பம்புகளும் நிற்கின்றன. குடலுக்குப் போன பிறகே விழிக்க வேண்டிய புரதம் கரைக்கும் நொதி, செல்லுக்குள்ளேயே விழித்துக்கொள்கிறது. கணையம் தன்னையே செரிக்கத் தொடங்குகிறது. இதுதான் கணைய அழற்சி. டாஸ்மாக் பாட்டிலும் பக்கத்தில் எண்ணெயில் பொரித்த சைடிஷ்ஷும் எவ்வளவு மோசமான ஜோடி என்பது இப்போது புரியும்.

கும்பகோணத்துக்காரர்கள் கவனிக்க ஒரு செய்தி: கால்சியம் திறக்கும் அந்த மதகைக் காஃபின் ஓரளவு அடைக்கிறது. எலிகளில் அழற்சியின் கடுமை குறைந்ததாக 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால், அதற்குச் செலுத்திய அளவு எத்தனை டபரா டிகிரி காபியிலும் கிடைக்காது. காபியை மருந்தாக நினைத்து ஏமாற வேண்டாம்.

குடிக்காதவர்களுக்கு வராது என்பதும் தப்பு. பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் வரும். பெண்களுக்கு இது அதிகம். மதுவைத் தொடாத இளம் வயதினரின் கணையத்தில் கல் சேர்ந்து, சர்க்கரை நோயில் முடிவதைக் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸும், சென்னையில் டாக்டர் வி.மோகனும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

மேல்வயிற்றில் திடீரென்று பிடித்து, முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும் வலி. கூடவே வாந்தி. மல்லாந்து படுக்க முடியாது. முன்னால் குனிந்தால் கொஞ்சம் தேவலை. வீட்டில் இதை 'கேஸ்' என்று சொல்லிச் சோடாவும் ஓமத்தண்ணீரும் கொடுத்து ராத்திரியைக் கடத்துவார்கள். அந்த ராத்திரிதான் விலை மதிப்பில்லாதது. ரத்தத்தில் லைபேஸ், அமைலேஸ் அளவைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். வழக்கமான உச்ச அளவைப்போல் மூன்று மடங்கு இருந்தால், அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பு வழியாக நீர் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள்.