ஓலைப்பாவாடை மட்டும் போதுமா?



நம்ம பள்ளி விழாவில் பாலினேசியத் தீவுகள் என்றதும் என்ன செய்தோம்? காகிதப் பூமாலை, ஓலைப்பாவாடை, ஒரு ஆட்டம். கைதட்டல் கிடைத்தது. ஆனா அந்த மக்களைப் பற்றி என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?

திசைகாட்டி இல்லாமல், விண்மீனையும் அலையையும் பார்த்தே பசிபிக் கடலைக் கடந்தவர்கள் அவர்கள். 1976-ல் ஹொக்குலேயா என்ற இரட்டைப் படகு அதே முறையில் ஹவாயிலிருந்து தாகித்தி போய்ச் சேர்ந்தது. சுமார் 4,000 கி.மீ! வழிகாட்டிய மாவ் பியாய்லுக், சின்ன வயதில் தாத்தாவிடம் கற்றவர். இரட்டைப் படகுக்கு ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று பெயர். அது நம்ம 'கட்டுமரம்' தான்!

எங்க தாத்தாவும் கட்டுமரத்தில் போனவர். கோயில் கோபுரமும் பின்னால் மலையுச்சியும் ஒரே நேரில் வருவதைப் பார்த்து மீன் கிடக்கும் இடத்தைச் சொல்லிடுவார். 'கடப்புறத்துக்காரன்' என்று கேலி பண்ணுவாங்களோன்னு வகுப்பில் நான் அவரைப் பற்றி வாயே திறந்ததில்லை. அது என் தப்பு.

அடுத்த முறை இப்படிச் செய்யலாமே:

1. கடலுக்குப் போன ஒரு தாத்தாவை அழைத்து, காற்று, விண்மீன் பெயர்களைக் கேட்டு எழுதுவோம்.
2. கொடிக்கம்பம், மரம், சுவர் இவற்றை நேர் வைத்து, இரண்டு நேர்கோடு சந்திக்கும் இடத்தில் ஒளித்த பொருளைத் தேடுவோம்.
3. ஆணி இல்லாமல், தென்னங்கயிற்றால் சின்னக் கட்டுமரம் கட்டுவோம். அந்தத் தீவுகளிலும் படகு கட்டியது தேங்காய் நார்க் கயிற்றால்தான்.

ஆட்டம் வேண்டாம்னு சொல்லவில்லை. தூரத்துத் தீவை மதிக்கிற நாம், பக்கத்துக் கடப்புறத்தையும் மதிக்க வேண்டாமா? சிந்திப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவன்