தேர்வு போனது, பாடம் போகக் கூடாது

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் புத்தகக் கடைகளில் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி, "பிளஸ் ஒன் பிசிக்ஸுக்கு எந்த கைடு நல்லா இருக்கும்?" என்பது. பாடநூல் கையில் இருக்கும்போதே இந்தக் கேள்வி எழுகிறது. கேட்பவர்களைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. பேராசிரியர் ஐயன்பெருமாள் கோனாரின் தமிழ் உரைநூல்கள் பல தலைமுறை மாணவர்களைக் கரையேற்றியிருக்கின்றன. வகுப்பில் புரியாததற்கு இன்னொரு விளக்கம் தேடுவது குற்றமாகாது. இன்றைய மேல்நிலை வகுப்பு கைடுகளில் பல விளக்கத்தையே விட்டுவிட்டு விடையை மட்டும் கொடுக்கின்றன என்பதுதான் சிக்கல். அப்படிப்பட்ட நூலை நம்பியிருக்கும் நிலைக்கு மாணவர்களைத் தள்ளியதில் பள்ளிகளுக்கும் கல்வித் துறைக்கும் பங்குண்டு.

2018-19 கல்வியாண்டில் அறிமுகமான புதிய பாடத்திட்டம் பிளஸ் ஒன்னின் தரத்தை உயர்த்தியது. அது தேவையான மாற்றம். ஆனால், பத்தாம் வகுப்பிலிருந்து ஏறிவரும் மாணவர் தடுக்கி விழும் இடங்கள் எவை என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். அங்கே படி கட்டத்தான் ஆளில்லை. இயற்பியல் முதல் தொகுதியின் இரண்டாம் அலகான இயக்கவியலிலேயே வெக்டரும் வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் வந்துவிடுகின்றன. கணிதப் பாடநூலிலோ இந்த மூன்றும் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. இயற்பியல் நூலில் இவற்றுக்குச் சுருக்கமான அறிமுகம் உண்டு. இவற்றை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அந்தச் சில பக்கங்கள் போதாது.

நேரம், முடுக்கம், திசைவேகம் மூன்றையும் இணைக்கும் முதல் இயக்கச் சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். கீழ்வகுப்பிலேயே பழகிய சமன்பாடுதான். பிளஸ் ஒன்னில் அதைத் தொகையிடல் முறையில் வருவிக்க வேண்டும். சராசரியான ஒரு கைடில் 'இருபுறமும் தொகையிட' என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியில் விடை வந்துவிடும். தொகையிடலின் கீழ் எல்லை ஒரு பக்கம் சுழியாகவும் மறுபக்கம் தொடக்கத் திசைவேகமாகவும் இருப்பது ஏன் என்பதற்கு விளக்கம் இருக்காது. மாணவர் அந்த வரிகளை அப்படியே உருப்போட்டு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். முடுக்கம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு கணக்கைக் கொடுத்தால் பேனா நின்றுவிடும்.

இந்த இடைவெளியை இப்போது பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டுவது தனியார் பள்ளிகள் பலவற்றின் வழக்கமாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதை அடுத்து, 2025-26 முதல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதும் சுமை நீங்கியதை வரவேற்கிறோம். ஆனால், பழைய வழக்கத்தைத் தடுத்துவந்த ஒரே பூட்டும் அதோடு திறந்துகொண்டது. பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட்-ஆப் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எனவே, பிளஸ் ஒன் பாடத்தைக் கைகழுவும் பள்ளிக்கு உடனடி நட்டம் எதுவுமில்லை. நட்டம் மாணவருக்குத்தான். நீட், ஜேஇஇ தேர்வுகளில் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேட்கிறார்கள். பொறியியல் கல்லூரியின் முதல் பருவக் கணிதமும் பிளஸ் ஒன் தெரிந்தவர் என்று நம்பித்தான் தொடங்குகிறது.

பின்தங்கியவருக்குப் பள்ளிகள் கொடுப்பது 'மினிமம் மெட்டீரியல்'. புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்கள், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சில ஐந்து மதிப்பெண் வினாக்கள், அவ்வளவுதான். கணிதத் தாளின் 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மதிப்பெண் வினாக்களுக்கே போய்விடுவதால், இந்தத் தாள்களை வைத்து 35 எடுத்துத் தேறிவிட முடியும். மார்ச் மாதத்தில், தேர்ச்சியே கேள்விக்குறியான மாணவருக்கு அது கைகொடுக்கட்டும். ஆகஸ்டிலேயே அதை நீட்டுவது, 'உனக்கு இவ்வளவுதான்' என்று முத்திரை குத்துவது.

கைடு வாங்கத்தான் வேண்டும் என்றால் விளம்பரத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். மாணவருக்குக் கடினமாக இருக்கும் ஒரு வருவித்தலைக் கடையிலேயே திறந்து படித்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து எப்படி வந்தது என்று நூல் சொல்கிறதா? புக் பேக் வினாக்களைத் தாண்டி, பாடத்தின் உள்ளிருந்து எடுத்த கணக்குகளுக்கும் முழுச் செய்முறை இருக்கிறதா? நடப்புப் பாடநூலின் பதிப்போடு ஒத்துப்போகிறதா? ஒரு பாடத்துக்கு ஒரு நூல் போதும். மூன்று கைடு வைத்திருப்பவர் பெரும்பாலும் மூன்றையும் படிப்பதில்லை. விட்டதைப் பிடிக்க நினைப்பவரும் விட்ட பாடங்களை எல்லாம் வரிசையாகப் புரட்ட வேண்டியதில்லை. இன்று வகுப்பில் நடக்கும் பாடத்துக்கு எந்தப் பழைய பாடம் தேவையோ அதை முதலில் முடித்துக்கொண்டால், நாளைய வகுப்பாவது புரியும்.

இதையெல்லாம் மாணவர் தனியாகச் செய்துகொள்ளட்டும் என்று அரசு ஒதுங்க முடியாது. பிளஸ் ஒன் தொடங்கும்போது முதல் இரண்டு வாரங்களை இயற்பியலுக்குத் தேவையான கணிதத்துக்கும் பத்தாம் வகுப்பு அடிப்படைகளுக்கும் ஒதுக்க வேண்டும். பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். புரியாமல் நகர்ந்த பாடத்தை ஜனவரி ஸ்பெஷல் கிளாஸில் மறுபடி நடத்தும் நாட்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும். கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்ட வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றது. மேல்நிலை மாணவருக்கும் அந்த அக்கறை வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வினா வங்கி வெளியிடும் மாநிலத்தில், தமிழ்வழி மாணவருக்கு வரிக்கு வரி விளக்கும் செய்முறை நூல் ஒன்றை அரசே இலவசமாகத் தருவது முடியாத காரியமல்ல. கல்விக் கட்டணத்தோடு கைடையும் கட்டாயமாகத் தலையில் கட்டும் பள்ளிகள் மீது நடவடிக்கை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிளஸ் ஒன் வகுப்பில் பிளஸ் ஒன் பாடம்தான் நடக்கிறதா என்பதைத் திடீர் ஆய்வுகள் மூலம் கண்காணித்து, மீறும் பள்ளிகளின் பெயரை வெளியிட வேண்டும். தேர்வை எடுத்த அரசுக்கு, தேர்வு இல்லாமலே பாடத்தை நடத்தவைக்கும் கடமையும் இருக்கிறது.