அழகுப் பக்கம்: கறுப்பு நகமா? கோபம் வேண்டாம், கவனம் வேண்டும்!



இந்த முறை ஒரு கடிதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "காலேஜ் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த என் பெண்ணின் பத்து நகமும் கறுகறுவென்று இருக்கிறது. கேட்டால், 'கோதிக் ஸ்டைல், உனக்குத் தெரியாதும்மா' என்கிறாள். மாமியாரோ, 'வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதென்ன கோலம்?' என்று முகத்தைத் திருப்பிக் கொள்கிறார். நான் திட்டிவிட்டேன். மூன்று நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. இது உடம்புக்குக் கெடுதலா? நான் செய்தது சரியா?" என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார்.

சகோதரி, கெடுதல் கறுப்பில் இல்லை. பூசுகிற விதத்திலும் எடுக்கிற விதத்திலும்தான் இருக்கிறது. அதற்கு முன், அந்த 'கோதிக்' என்னவென்று தெரிந்துகொண்டால் பெண்ணிடம் பேசச் சௌகரியமாக இருக்குமே!

துக்கத்தில் பிறந்த அழகு

ஐரோப்பாவில் கூர்மையான வளைவுகளோடு வானளாவக் கட்டிய பழைய தேவாலயங்களின் பாணிக்கு 'கோதிக்' என்று பெயர். 1764-ல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் ஒரு கோட்டையை வைத்துத் திகில் நாவல் எழுதினார். அதிலிருந்து திகில் கதைகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்ததும், விக்டோரியா மகாராணி 1901-ல் தாம் கண்ணை மூடும்வரை கறுப்பே உடுத்தினார். இங்கிலாந்தின் விட்பி என்ற கடற்கரை ஊரில் கிடைக்கும் 'ஜெட்' என்ற கறுப்புக் கல்லில் நகை செய்து போட்டுக்கொள்வது அப்போது பெரிய நாகரிகமாயிற்று. அந்தக் கல், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் புதைந்துபோன மரம்! 1897-ல் வந்த டிராகுலா கதையில் ரத்தக் காட்டேரி வந்து இறங்குவதும் அதே விட்பியில்தான்.

இதையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டவர்கள், 1970-களின் கடைசியிலும் 1980-களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் இருந்த பாட்டுக் குழுக்களும் அவர்களுடைய இளம் ரசிகர்களும். கறுப்பு உடை, கறுப்பு மை, கறுப்பு நகம்! ஆக, மாமியார் சொல்கிற துக்கக் கறுப்பு என்பதும் முழுக்கப் பொய்யில்லை. ஆனால் குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதும், தாலியோடு கருகமணி கோப்பதும் நம் வீடுகளில் உண்டே. கறுப்பை நாம் ஒரேயடியாக ஒதுக்கினவர்களா, சொல்லுங்கள்!

முதலில் நகத்தைத் தயார் செய்யுங்கள்

1. பழைய பாலிஷை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கையை ஐந்து நிமிஷம் வையுங்கள்.

2. நகத்தின் அடியோரத் தோலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, மெல்லிய துணியால் பின்னால் தள்ளுங்கள். வெட்டவே கூடாது. கிருமி உள்ளே போகாமல் காக்கும் கதவு அது. வெட்டினால் நகச்சுற்றுதான் வரும்.

3. ராவும்போது ஒரே திசையில் ராவுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் நுனி பிளக்கும். கோதிக் பாணிக்குக் கூரான நகம் வேண்டுமாம்! கைக்குழந்தைக்காரிக்கு அது ஆகாது. நுனியை உருட்டிக் குட்டையாக வைத்தாலும் கறுப்பு எடுப்பாகவே இருக்கும்.

4. எண்ணெய்ப் பசை போக சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, முதலில் நிறமில்லாத 'பேஸ் கோட்' ஒரு பூச்சு கொடுங்கள். இதை விட்டுவிட்டால் அடர் நிறச் சாயம் இறங்கி நகம் மஞ்சளித்துப் போகும்.

5. கறுப்பை மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. தடிமனாக ஒரே தடவை அப்பினால் குமிழ் விடும்.

வீட்டிலேயே போட மூன்று டிசைன்கள்

தேவாலய ஜன்னல்: மோதிர விரலில் மட்டும். கறுப்பு நன்றாகக் காய்ந்ததும், பல் குத்தும் குச்சியை வெள்ளி நிறப் பாலிஷில் தொட்டு, அரசிலையின் நுனிபோல் கூராக முடியும் வளைவு ஒன்று வரையுங்கள். நடுவில் ஒரு நேர்கோடு போட்டால் ஜன்னல் தயார்.

ரத்தச் சிவப்பு: முதலில் அடர் சிவப்பு பூசிக் காயவிடுங்கள். புது ஸ்பாஞ்சில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, கறுப்பில் தொட்டு நுனிப் பக்கம் மட்டும் ஒற்றி ஒற்றி எடுங்கள். சிவப்பு மெல்ல மெல்லக் கறுப்பில் கரைவதுபோல் இருக்கும். விசேஷ வீட்டுக்குப் பட்டுப் புடவையோடு பொருந்துவது இதுதான்.

கறுப்பு மேல் கறுப்பு: எல்லா நகத்துக்கும் பளபளக்காத 'மேட்' மேல்பூச்சு. நுனியில் மட்டும் பளபளப்பான கறுப்பால் ஒரு கீற்று. வெளிச்சத்தில் திருப்பினால்தான் தெரியும். மாமியார் கண்ணில்கூடச் சட்டென்று படாது!

இத்தனை வேலை எதற்கு என்று 'கறுப்பு மருதாணி' பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். மருதாணி தானாகக் கறுக்காது, சிவக்கத்தான் செய்யும். கறுப்புக்காகத் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனத்தைச் சிலர் கலக்கிறார்கள். தோல் கொப்புளித்துத் தழும்பே விழலாம்.

எடுப்பதில்தான் பாதி அழகு

சாதாரணப் பாலிஷுக்கு, ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் பத்து விநாடி அழுத்திப் பிடித்துத் துடைத்தால் போதும். ரிமூவர் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

விளக்கில் காட்டி இறுக வைக்கிற ஜெல் பாலிஷ் வேறு ஜாதி. அதைச் சுரண்டியோ உரித்தோ எடுத்தால் நகத்தின் மேல் ஏடும் சேர்ந்து வந்துவிடும். அசிட்டோனில் நனைத்த பஞ்சைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவைத்தே எடுக்க வேண்டும். இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரலாம், வந்தால் ஆயுசுக்கும் விடாது. ஜெல்லில் சேர்க்கிற டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. வீட்டில் போட்டுக்கொள்ளச் சாதாரணப் பாலிஷே நல்லது.

மாதத்தில் ஒரு வாரம் வெறும் நகம்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். கறுப்புப் பூச்சு எதையும் மறைத்துவிடும். நகமோ உடம்பின் சேதியைச் சொல்கிற இடம். வெளுத்து, கரண்டிபோல் குழிந்தால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். பிரசவமான பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெள்ளைப் புள்ளிக்குப் பயப்பட வேண்டாம். அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு இல்லை, பெரும்பாலும் எங்கோ இடித்துக்கொண்ட அடையாளம்.

நம்மைப் போன்ற மாநிறத்தவர், கறுத்தவர்களுக்கு நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் இருப்பது சகஜம். ஆனால் ஒரே விரலில் புதிதாக ஒரு கோடு தோன்றி, அகலமாகிக்கொண்டே போனால், அல்லது அந்தக் கறுப்பு நகத்தோரத் தோலுக்கும் பரவினால், உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அபூர்வம்தான் என்றாலும் அது புற்றுநோயாக இருக்கலாம். ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்ததைப் பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1977-ல்தான் புற்றுநோய் என்று தெரிந்தது. 1981-ல், 36 வயதில், காலமானார். இடித்துக் கன்றிய ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர நுனிப் பக்கம் நகர்ந்து போகும். கை நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் போல வளரும், கால் நகம் இன்னும் மெதுவாக.

இன்னொன்று. ஆபரேஷன், பிரசவம் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நகப்பூச்சை எடுத்துவிட்டுப் போங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியைக் கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்தோமே, அடர் நிறப் பூச்சு இருந்தால் அது தப்பாகக் காட்டலாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. திட்டியதை விடுங்கள். ரிமூவரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு பெண்ணின் பக்கத்தில் உட்காருங்கள். "கொடுடி கையை, நானே எடுத்து விடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பத்து விரலும் உங்கள் மடியில் இருக்கும் அந்த அரை மணியில் நகத்தையும் பார்க்கலாம், மூன்று நாள் பேசாததையும் பேசலாம். ஒரு வாரம் கழித்து, அந்த ஜன்னல் டிசைனை நீங்களே போட்டு விடுங்களேன்!

அடுத்த இதழில் சந்திப்போம்.