ஓட ஓடச் சரியாகுமா?

குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு புதுக் கார் நிற்கிறது. ஆமாம், நிற்கத்தான் நிற்கிறது. இரண்டு மாதத்தில் ஐந்து முறை ஒர்க்‌ஷாப் போய் வந்தாயிற்று. "ஓட ஓடச் சரியாகிவிடும், சார்" என்கிறார் விற்றவர். ஓடினால்தானே, ஐயா?

சொத்தைக் கத்தரிக்காய்க்குச் சண்டை போடுகிற நாம், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டிக்கு ஏன் கெஞ்சுகிறோம்? பிரெஞ்சு ஆட்சியில் இங்கே வழங்கிய 1804ஆம் வருஷத்துச் சிவில் சட்டமே, மறைந்த குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் உரிமையை வாங்கியவனுக்குத் தந்தது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ அது உத்தரவிடலாம். ஆனால் கெடு இரண்டு வருஷம். "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற புன்னகை அந்தக் கெடுவைத்தான் தின்கிறது.

ரிப்பேர்ச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். நான் கெஞ்சுவதை நிறுத்திவிட்டேன், மனு எழுதுகிறேன்.